விஷம் எப்படி மருந்தாகிறது? நரம்பு வாங்கிகளைப் பற்றி ஒரு விரிவான பதில்

நிலாவெளியில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தம்பி ஒருவர் மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறார். ஆளைக் கொல்லும் விஷம் எப்படி மருந்தாகும்? நரம்பில் உள்ள வாங்கிகளை (இரசாயனச் செய்தியைப் பிடிக்கும் புரதங்களை) ஆராய விஷத்தை ‘மாற்றியமைக்கிறார்கள்’ என்றால் உண்மையில் என்ன செய்கிறார்கள்? புறாத்தீவுப் பக்கம் கிடக்கும் கூம்புச் சங்குகளிலும் அந்த விஷம் உண்டா? மருந்தியல் கற்பிக்கும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன் தம்பி, பொறுமையாக வாசியுங்கள்.

விஷம் என்பது ஒற்றைப் பொருள் அல்ல. ஒரு பாம்பின் விஷத்தில் பல வகைப் புரதங்கள் கலந்திருக்கும். ஒவ்வொன்றும் உடம்பில் தனக்கென்று ஓர் இடத்தைத் தேடிப் போகும். சில இரத்தம் உறைவதைக் குழப்பும், சில தசையைச் சிதைக்கும், சில நரம்பை மட்டும் பிடிக்கும். நாம் விஷத்துக்குப் பயப்படுவது அது கொல்லும் என்பதால். ஆராய்ச்சியாளர் அதைத் தேடுவதற்குக் காரணம் வேறு. உடம்பில் உள்ள ஆயிரக்கணக்கான புரதங்களில் ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்து இறுகப் பிடிக்கும் திறமை அதற்கு உண்டு. ஆய்வுகூடத்தில் செய்த எத்தனையோ மருந்துகளுக்கு இந்தத் திறமை கிடையாது. வேண்டிய இடத்தையும் தொடும், வேண்டாத இடங்களையும் தொடும். பக்கவிளைவு என்று நாம் சொல்வதில் நிறைய அப்படி வருவதுதான்.

இதைப் புரிந்துகொள்ள நம் ஊரிலேயே பார்க்கக்கூடிய ஒரு நிலைமையிலிருந்து தொடங்கலாம். தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் வயல் காவலுக்குப் போய்த் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களைக் கட்டுவிரியன் கடிப்பதுண்டு. கடித்த இடத்தில் வீக்கமோ பெரிய வலியோ இருக்காது. எறும்பு கடித்தது என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிடுவார்கள். சிலருக்கு வயிற்று வலி வரும். விடியும்போது கண்ணிமை பாதி விழுந்திருக்கும், தூக்கக் கலக்கம் என்று வீட்டார் நினைப்பார்கள். பிறகு பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியும், எச்சில் விழுங்க முடியாது, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. கடைசியில் மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடும். வென்டிலேட்டரில் போட்ட நோயாளி கண் திறக்க மாட்டார், கிள்ளினாலும் அசைய மாட்டார். டோர்ச் அடித்தால் கண்மணி சுருங்காமலும் இருக்கலாம். மூளை செத்துவிட்டது என்று பார்ப்பவர்கள் முடிவுகட்டிவிடக்கூடிய நிலை. ஆனால் அவருக்கு நினைவு இருக்கலாம், கட்டிலருகே நாம் பேசுவதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம். மூச்சை மட்டும் இயந்திரம் தாங்கிப் பிடித்தால், சில நாளிலோ சில வாரத்திலோ எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார்.

கவனியுங்கள். மூளை சரி, தசையும் பெரும்பாலும் சரி. நரம்பு தசையைத் தொடும் அந்தச் சிறு இடைவெளியில் மட்டும் செய்தி நின்றுபோயிருக்கிறது. சாதாரண நிலையில் நரம்பு முனை அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தை அந்த இடைவெளியில் கொட்டும். எதிர்ப்பக்கம் தசையின் மேல் இருக்கும் வாங்கி அதைப் பிடிக்கும். பிடித்த கணத்தில் வாங்கியின் நடுவில் ஒரு துளை திறந்து சோடியம் அயன்கள் உள்ளே பாயும், தசை சுருங்கும். கட்டுவிரியன் விஷம் இந்த இடைவெளியை இரண்டு பக்கமும் தாக்குகிறது. அல்பா வகை நஞ்சு தசைப் பக்கத்து வாங்கியில் போய்க் குந்திக்கொள்ளும். பீற்றா வகை நஞ்சு நரம்பு முனையையே சிதைக்கும். சிதைந்த முனை திரும்ப வளர்ந்துதான் ஆளுக்கு அசைவு வரவேண்டும். அதனால்தான் விஷமுறிவு மருந்து ஏற்றி, இரத்தத்தில் மிதந்த விஷத்தைப் பிடித்து முடித்த பின்பும் முடக்கம் உடனே விலகுவதில்லை. அனுராதபுரப் பக்கத்தில் கட்டுவிரியன் கடிபட்டவர்களை வைத்துச் செய்த ஆய்விலும் இதுதான் தெரிந்தது.

சரி, இப்போது ஆராய்ச்சிக்கு வருவோம். நரம்பு இரசாயனத்தைப் பிடிக்க ஏதோ ஒன்று கலத்தின் மேல் இருக்கவேண்டும் என்று கேம்பிரிட்ஜில் லாங்லி 1905இல் எழுதினார். நிக்கொட்டீனை வைத்துச் செய்த பரிசோதனைகளிலிருந்து அவர் அந்த முடிவுக்கு வந்தார். அசற்றைல்கோலின் வாங்கிகளில் ஒரு வகைக்கு இன்றும் நிக்கொட்டீனின் பெயர் ஒட்டியிருப்பது அதனால்தான். ஆனால் அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாங்கி என்பது வெறும் ஊகம். யாரும் அதைப் பிரித்தெடுத்துக் கையில் வைத்துப் பார்க்கவில்லை. அசற்றைல்கோலினையே தூண்டிலாகப் போட்டால் என்ன என்று கேட்கலாம். அது வாங்கியில் ஒரு கணம் தொட்டுவிட்டு விலகிவிடும். பிடித்து வைக்க முடியாது.

அந்த முடிச்சை அவிழ்த்தது பாம்பு விஷம்தான். 1963இல் தாய்வானில் சாங், லீ என்ற இருவர் அந்த நாட்டுக் கட்டுவிரியன் இனமான பங்காரஸ் மல்ட்டிசிங்டஸின் விஷத்தை மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரித்தார்கள். கிடைத்த பகுதிகளில் ஒன்றுதான் அல்பா பங்காரோடொக்சின். 74 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். மூன்று விரல் நீட்டியதுபோல மடிந்திருக்கும் வடிவத்தை ஐந்து கந்தகப் பாலங்கள் இறுக்கி வைத்திருக்கின்றன. இது வாங்கியில் ஏறினால் இலகுவில் இறங்காது, கதவிடுக்கில் அடித்த ஆப்பு மாதிரி. உயிருக்கு ஆபத்தான அந்தப் பிடிதான் ஆய்வுகூடத்தில் வரமாகிவிட்டது.

1970இல் பரிஸில் ஷான்ஷூ குழுவினர், லீயும் சேர்ந்து, இந்த நஞ்சை மின்சார விலாங்கின் உறுப்பில் பயன்படுத்தினார்கள். மின்சாரம் உண்டாக்கும் அந்த உறுப்பில் நிக்கொட்டீன் வகை வாங்கிகள் செறிந்து கிடக்கும். மின்திருக்கையிலும் அப்படித்தான். நஞ்சு எதைப் பிடிக்கிறதோ அதுதான் வாங்கி என்று அடையாளம் காண வழி பிறந்தது. நரம்புச் செய்தியைப் பெறும் ஒரு வாங்கி, பொருளாக மனிதர் கைக்கு வந்தது அப்போதுதான்.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலின் முதல் பகுதி இருக்கிறது. மாற்றியமைப்பதில் மிக எளியது, நஞ்சின் மேல் அடையாளம் ஒட்டுவது. பிடிக்கும் முனைக்குப் பழுது வராத இடமாகப் பார்த்து ஒரு கதிரியக்க அயடீன் அணுவையோ ஒளிரும் சாயத்தையோ இணைத்துவிடுவார்கள். தசைத் துண்டில் இதை ஊற்றிக் கழுவினால் வாங்கி இருக்கும் இடம் மட்டும் ஒளிரும், அல்லது கதிர் எண்ணும் கருவியில் காட்டும். எத்தனை வாங்கி, எங்கே, நோய் வந்தால் கூடுகிறதா குறைகிறதா என்று எண்ணிப் பார்க்கலாம்.

இப்படி எண்ணியதால் 1973இல் ஒரு நோயின் மர்மமே உடைந்தது. மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய் உள்ளவர்களுக்குக் காலையில் சரியாக இருக்கும் கண்ணிமை மாலையில் விழுந்துவிடும், சாப்பிடச் சாப்பிட மெல்ல முடியாமல் போகும். பழுது நரம்பிலா தசையிலா என்று நெடுங்காலம் விவாதம் இருந்தது. நோயாளிகளின் தசையில் அடையாளமிட்ட பங்காரோடொக்சினைப் போட்டுப் பார்த்தபோது வாங்கிகளின் எண்ணிக்கை பெரிதும் குறைந்திருந்தது. அதே ஆண்டு பட்றிக், லின்ட்ஸ்ட்ரோம் என்ற இருவர், மின்சார விலாங்கிலிருந்து எடுத்த வாங்கிப் புரதத்தை முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். முயல்களின் உடம்பு அதற்கு எதிராக உண்டாக்கிய பிறபொருளெதிரி அவற்றின் சொந்த வாங்கிகளையும் தாக்க, முயல்கள் தளர்ந்து விழுந்தன. உடம்பே தன் வாங்கியைத் தாக்கும் நோய் இது என்பது தெளிவானது. இன்றும் இந்நோய்க்குச் செய்யும் இரத்தப் பரிசோதனையின் ஒரு வகையில், பாம்பு நஞ்சால் அடையாளமிட்ட வாங்கிதான் பயன்படுகிறது. விஷத்திலிருந்து மருத்துவத்துக்கு என்ன நன்மை என்று கேட்பவர்கள் மாத்திரையை மட்டும் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு இந்தப் பரிசோதனை எந்த மாத்திரைக்கும் குறைந்ததாகத் தெரியவில்லை. இப்படி ஒரு கருவி இல்லாமல் நோய் என்ன என்றே தெரிந்திருக்காது, மருந்தை எங்கே போய்த் தேடுவது?

ஆனால் பாம்பு நஞ்சுக்கு ஓர் எல்லை உண்டு. நிக்கொட்டீன் வகை வாங்கி ஒன்றல்ல. மனிதரில் 16 வகைத் துணையலகுகள் இருக்கின்றன. அவற்றில் ஐந்து ஐந்தாகச் சேர்ந்துதான் ஒவ்வொரு வாங்கியும் உருவாகிறது. தசையில் ஒரு சேர்க்கை, மூளையில் வேறு சேர்க்கைகள், காதின் உட்பகுதியில் இன்னொன்று. சிகரெட்டுக்கு அடிமையாக்குவதில் ஒரு வகைக்குப் பங்கு, வலியில் இன்னொரு வகைக்குப் பங்கு. மூளையில் பல வகைகள் நெருங்கி இருக்கும்போது பங்காரோடொக்சின் அவற்றில் சிலவற்றைப் பிடிக்கும், பலவற்றைத் தொடவே தொடாது. இன்னும் நுணுக்கமான கருவி தேவைப்பட்டது. அது கடலிலிருந்து கிடைத்தது.

கூம்புச் சங்கு எப்படி வேட்டையாடுகிறது என்று ஒருமுறையாவது காணொளியில் பாருங்கள். பகலில் மணலுக்குள் புதைந்து கிடக்கும். இரவில் ஒரு குழலை வெளியே நீட்டி நீரில் மீனின் வாடையைத் தேடும். பிறகு அதன் கீழிருந்து வேறொரு மெல்லிய துதிக்கை மெதுவாக நீளும். அதன் நுனியில் உள்ளே குழிவான, அம்புபோல் முள்ளுள்ள பல் ஒன்று இருக்கும். மீன்மேல் அது பட்டதும் விஷம் பாய்ந்துவிடும். சில இனங்களின் விஷத்தில் இரண்டு அணிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. முதல் அணி சோடியம் கால்வாய்களை (அயன்கள் கலத்துக்குள் போய்வரும் வாயில்களை) மூடவிடாமலும் பொற்றாசியம் கால்வாய்களைத் திறக்கவிடாமலும் செய்து, மீனைக் கணநேரத்தில் விறைக்க வைக்கும். இரண்டாவது அணி சற்றுப் பின்னால் வந்து நரம்புக்கும் தசைக்கும் இடையிலான செய்தியை நிறுத்தும். நத்தை நகரும் வேகத்தில் மீனைத் துரத்த முடியாது. அடித்த இடத்திலேயே மீன் நிற்கவேண்டும் என்ற கட்டாயம்தான் இவ்வளவு கூர்மையான நஞ்சுகளை உருவாக்கியிருக்கிறது. இவ்வகைச் சங்குகளில் பல நூறு இனங்கள் உண்டு, ஒவ்வொரு இனத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட பெப்தைட்டுகள், அதாவது குட்டையான அமினோ அமிலச் சங்கிலிகள், உண்டு.

இவற்றில் அல்பா கொனோடொக்சின் என்ற குடும்பம் நிக்கொட்டீன் வகை வாங்கிகளைப் பிடிக்கிறது. பெரும்பாலும் 12 முதல் 20 அமினோ அமிலம், இரண்டு கந்தகப் பாலம், அவ்வளவுதான். சிறியது என்பதால் ஆய்வுகூடத்தில் அமினோ அமிலங்களைக் கோத்தே செய்துகொள்ளலாம், சங்கு தேவையில்லை. மாற்றியமைப்பதும் இலகு. ஒவ்வோர் இடமாக எடுத்து, அங்கே இருக்கும் அமினோ அமிலத்தை நீக்கிவிட்டு அலனைன் என்ற சிறிய அமிலத்தை வைத்துப் பார்ப்பார்கள். பிடி தளர்ந்தால் அந்த இடம் முக்கியமானது என்று பொருள். பிடி மாறவில்லையென்றால் அந்த இடத்தை வேறு தேவைக்குப் பயன்படுத்தலாம். அபூர்வமாக, ஒரு வாங்கியில் மட்டும் பிடி தளர்ந்து மற்றதில் அப்படியே நிற்கும். அதுதான் தேடிய பொன்.

ஓர் உதாரணம். கோனஸ் மேகஸ் என்ற சங்கின் ‘எம்ஐஐ’ என்ற பெப்தைட்டில் 16 அமினோ அமிலங்கள். அது அல்பா3 என்ற துணையலகு உள்ள வாங்கியையும் பிடிக்கும், அல்பா6 என்ற துணையலகு உள்ள வாங்கியையும் பிடிக்கும். இரண்டும் மிக நெருங்கிய உறவு, சாதாரண மருந்தால் பிரிக்க முடியாது. பதினோராவது இடத்தில் இருக்கும் குளுட்டமிக் அமிலத்தை எடுத்துவிட்டு அலனைனை வைத்தார்கள். புதிய பெப்தைட்டு அல்பா6 வகையைப் பிடிப்பதையே பெரிதும் விரும்பியது. இதனால் என்ன லாபம் என்றால், மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்புகளில் அல்பா6 வாங்கி இருக்கிறது, பார்க்கின்சன் நோயில் சாகும் நரம்புகளும் அவைதான். எம்ஐஐயில் கதிரியக்க அடையாளம் இட்டுப் பார்த்தபோது, அந்நோயுள்ளவர்களின் மூளையில் இந்த வாங்கிகள் குறைந்திருப்பது தெரிந்தது. பதினாறில் ஒன்றை மாற்றினால் இரண்டு வாங்கிகளைப் பிரித்தறிய முடிகிறது என்பது எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் எனக்கு வியப்பு அடங்காத விஷயம்.

இப்போது மருந்து. சங்கு விஷத்திலிருந்து வந்த மருந்துகளில் மிகவும் அறியப்பட்டது சிக்கொனொடைட். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில், பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பால்டோமெரோ ஒலிவேராவின் ஆய்வுகூடத்தில், மைக்கல் மக்கின்டொஷ் என்ற இளம் மாணவர் பிரித்தெடுத்த 25 அமினோ அமிலப் பெப்தைட்டு அது. முதுகுத்தண்டில் வலிச் செய்தியைக் கடத்தும் நரம்பு முனைகளில் ஒரு வகைக் கல்சியம் கால்வாய் இருக்கிறது. சிக்கொனொடைட் அதை அடைத்துவிடும். அமெரிக்க அரசு அனுமதி கிடைத்தது 2004 டிசம்பரில். மோர்பினைப் போல் அடிமையாக்காது, நாளாக நாளாக அளவைக் கூட்டவேண்டிய தேவையும் வராது. ஆனால் மாத்திரையாகப் போட முடியாது, சாதாரண ஊசியாலும் பயனில்லை. முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள திரவத்துக்குள் சிறு பம்ப் மூலம் நேரடியாகச் செலுத்தவேண்டும். அளவு சற்றுக் கூடினாலும் மனக்குழப்பம், இல்லாதது தெரிவது போன்ற கடுமையான விளைவுகள் வரும். வேறு எந்த மருந்துக்கும் கட்டுப்படாத வலியோடு இருப்பவர்களுக்குத்தான் கொடுக்கிறார்கள்.

தோற்றுப்போன ஒன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் மாணவர்கள் அதிகம் கற்கவேண்டியது அங்கேதான். அவுஸ்திரேலியக் கடலில் வாழும் கோனஸ் விக்டோரியே என்ற சங்கிலிருந்து ‘விசி1.1’ என்ற பெப்தைட்டு வந்தது. நரம்பு அடிபட்ட எலிகளில் வலியை அருமையாகக் குறைத்தது. அல்பா9, அல்பா10 சேர்ந்த வாங்கியைப் பிடிப்பதால் என்று விளக்கினார்கள். மனிதரில் பரிசோதனை இரண்டாம் கட்டம்வரை போனது. 2007இல் கைவிட்டார்கள். எலியின் வாங்கியை இறுகப் பிடித்த அது மனிதரின் அதே வாங்கியைப் பலவீனமாகத்தான் பிடித்தது. கோனஸ் ரீஜியஸ் என்ற சங்கின் ‘ஆர்ஜிஐஏ’ பெப்தைட்டிலும் இதே சிக்கல். ஏன் என்று தோண்டியபோது, அல்பா9 துணையலகின் 56ஆம் இடத்தில் எலிக்கு ஓர் அமினோ அமிலமும் மனிதருக்கு வேறொன்றும் இருப்பதே பெரிய காரணம் என்று தெரிந்தது. அந்த ஓர் எழுத்து மாற்றத்தில் பல ஆண்டு உழைப்பு விழுந்துவிட்டது. ஆனால் காரணம் தெரிந்ததால் வேலையைத் தொடர முடிந்தது. எலியின் வாங்கியையும் மனித வாங்கியையும் ஒரேயளவு பிடிக்கும்படி திருத்திய ‘ஆர்ஜிஐஏ4’ 2017இல் வெளியானது. இன்னொரு பக்கம், குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் டேவிட் கிரெய்க் குழுவினர் விசி1.1இன் தலையையும் வாலையும் ஆறு அமினோ அமிலத் துண்டொன்றால் இணைத்து வளையமாக்கினார்கள். பெப்தைட்டுகளை நொதியங்களில் சில முனையிலிருந்துதான் அரிக்கத் தொடங்கும். வளையத்துக்கு முனை இல்லை. வாய்வழி கொடுத்தபோதும் எலிகளின் வலி குறைந்தது. மனித மருந்தாக அது இன்னும் வரவில்லை.

நரம்புக்கு வெளியே போனால் உதாரணங்கள் நிறைய உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். பிரஷருக்குக் கொடுக்கும் கப்டோபிரில் மாத்திரை பிரேசில் நாட்டு விரியனின் விஷத்தைப் படித்ததால் வந்தது. மாரடைப்பில் கொடுக்கும் டைரோஃபிபான், நம் வரண்ட கரையோரத்திலும் காணப்படும் சுருட்டை விரியனின் ஒரு புரதத்தைப் பார்த்துச் செய்தது. நீரிழிவுக்கான எக்ஸனடைட் கீலா மொன்ஸ்டர் என்ற பல்லியின் உமிழ்நீரிலிருந்து. இவற்றில் எதிலும் இன்று விஷம் என்று ஒரு துளிகூடக் கிடையாது, எல்லாம் தொழிற்சாலையில் செய்தவை. ஆகவே ‘நாகவிஷம் கலந்தது, மூட்டுவலிக்கு’ என்று யாராவது எண்ணெயோ சொட்டோ விற்றால் அதை இந்த ஆராய்ச்சியோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். பச்சை விஷத்தில் எந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பாம்புக்குப் பாம்பு மாறும். அதைத் தோலில் தடவுவதற்கும், ஒரு வாங்கிக்கென்று அளந்து செதுக்கிய பெப்தைட்டுக்கும் எந்த உறவும் இல்லை.

வாங்கியையும் நஞ்சையும் இவ்வளவு நுணுக்கமாகப் படித்ததன் பலன் பாம்புக்கடிக்கே திரும்பி வருவதுதான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இலங்கையில் நாம் ஏற்றும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. அங்குள்ள பாம்புகளின் விஷத்தைக் குதிரைக்கு ஏற்றி எடுப்பது. ஒவ்வாமை வருவது சாதாரணம். 2025 ஜனவரியில் அமெரிக்கப் புரத வடிவமைப்பாளர் டேவிட் பேக்கரின் குழுவும் டென்மார்க் ஆய்வாளர்களும் சேர்ந்து, மூன்று விரல் நஞ்சுகளைப் பிடிக்கும் சிறு புரதங்களைக் கணினியிலேயே வடிவமைத்து வெளியிட்டார்கள். எலிகளைச் சாவிலிருந்து அவை காப்பாற்றின. குதிரையும் வேண்டாம், விஷமும் எடுக்கவேண்டாம். கட்டுவிரியனின் பீற்றா நஞ்சு வேறு குடும்பம், அதற்கு இது போதாது. அந்தக் குடும்பத்தின் நொதியத்தை முடக்கும் வரஸ்பிளடிப் என்ற வாய்வழி மருந்தை இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பாம்புக்கடி நோயாளிகளில் பரிசோதித்திருக்கிறார்கள். கந்தளாய் மாதிரித் தூர இடத்தில் கடிபட்டவர் ஆஸ்பத்திரி வந்து சேரும்வரை நரம்பு முனையைக் காப்பாற்ற இப்படி ஒரு மருந்து கைக்கு வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கடைசிக் கேள்வி புறாத்தீவு. ஆம், கூம்புச் சங்குகள் இந்து சமுத்திரத்துப் பவளப்பாறைகளில் பரவலாக உண்டு, நம் கரையும் விலக்கல்ல. கோனேசர் கோயில் வழியில் விற்கும் சங்குகளுக்கு நடுவே, ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் கூராக, மேலே முக்கோணம் முக்கோணமாகப் பொன்பழுப்புக் கோலம் போட்டதுபோல் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். கோனஸ் டெக்ஸ்டைல் அப்படித்தான் இருக்கும். கடையில் இருப்பது வெறும் ஓடு, பயமில்லை. உயிரோடு இருப்பதுதான் ஆபத்து. கோனஸ் ஜியோகிராபஸ் என்ற இனம் மனிதரைக் கொன்றிருக்கிறது. அகன்ற பக்கத்தைப் பிடித்தால் குத்தாது என்பதை நம்பவேண்டாம், துதிக்கை ஓட்டின் எந்தப் பக்கமும் வளைந்து வரும். நீச்சல் உடைக்குள்ளும் சட்டைப்பையிலும் போட்டுக்கொள்வது அதைவிட மோசம். 2003இலிருந்து புறாத்தீவு தேசியப் பூங்கா, அங்கிருந்து எந்த உயிரையும் எடுப்பது சட்டப்படி குற்றமும்கூட.

ஒருவேளை குத்திவிட்டால் இதற்கு விஷமுறிவு மருந்து கிடையாது. காயத்தைக் கீறவோ உறிஞ்சவோ வேண்டாம். குத்திய கையையோ காலையோ அகலத் துணியால் சுற்றிக் கட்டி, அசைக்காமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் உடனே படகில் ஏற்றித் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூச்சு நின்றால் வழி நெடுக வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே போகவேண்டும்.